கண்ணுக்கு எத்தனை ஹெர்ட்ஸ்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘என்னிடம் 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் இருக்கிறது. ஷிப்ட் முடிந்து வந்தால் இரண்டு மணி நேரம் கேம்ஸ் ஆடுவேன். போன மாதம் திருவள்ளூர் காக்களூரில் நண்பன் ரூமில் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஆடிப் பார்த்தேன். அதிலிருந்து என் மானிட்டர் இழுத்து இழுத்து ஓடுகிற மாதிரி இருக்கிறது. மாற்றுவது வொர்த்தா? அப்பா, ஓடுற மானிட்டரை எதுக்குடா மாத்தணும் என்கிறார்.’

இதைக் கடைக்காரரிடம் அல்லவா கேட்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். கடைக்காரர், ‘தாராளமா எடுங்க தம்பி’ என்பார். அவருக்கு அதில் சந்தேகமே கிடையாது. இவருக்கு இருக்கிறது. அந்த ‘வொர்த்’ என்ற வார்த்தைக்குள் மூன்று கேள்விகள் சேர்ந்து உட்கார்ந்திருக்கின்றன. கட்டுபடியாகுமா என்பது ஒன்று. அதைப் பர்ஸிடம் கேட்க வேண்டும். அந்தப் பொருள் அந்த விலை பெறுமா என்பது இன்னொன்று. எனக்கு இது தகுமா என்பது மூன்றாவது. இவர் கேட்டிருப்பது இரண்டாவது போலத் தோன்றினாலும் மூன்றாவதுதான் என்று எனக்குப் படுகிறது. அப்பா வந்துவிட்டார் பாருங்கள், கடைசி வரியில்.

முதலில் அந்த ஹெர்ட்ஸ். தெரிந்தவர்கள் இரண்டு பாரா தாண்டிப் போய்விடலாம்.

மானிட்டரில் எதுவும் நகர்வதில்லை. அசையாத படங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுகிறார்கள். நகர்கிறது என்று நினைத்துக்கொள்வது நம் மூளையின் வேலை. 60 ஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 60 படம். ஒவ்வொன்றும் 16.7 மில்லி செகண்ட் திரையில் நிற்கும். (விநாடியை ஆயிரம் துண்டாக வெட்டினால் ஒரு துண்டு, ஒரு மில்லி செகண்ட்.) 144 ஹெர்ட்ஸில் ஒரு படம் 6.9 மில்லி செகண்ட். எல்சிடி திரையில் ஒரு சங்கடம், அடுத்த படம் வரும்வரை பழைய படம் அப்படியே நிற்கும். ஓடுகிற எதிரியைத் துரத்தும் நம் கண்ணோ நிற்காது, அவன் கூடவே வழுக்கிக்கொண்டு போகும். படம் நிற்க, கண் போக, பார்க்கிற உருவம் ஈஷிக்கொள்ளும். முழு ஹெச்டி திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒருவன் ஒரே விநாடியில் ஓடினால் 1920 புள்ளிகளைக் கடக்கிறான். 60 ஹெர்ட்ஸில் படத்துக்கு 32 புள்ளி. அந்த அகலத்துக்கு ஈஷல். 144-ல் 13 புள்ளிதான். அவன் கையில் இருப்பது கத்தியா துப்பாக்கியா என்று அடையாளம் தெரிகிறது. ஆகவே காக்களூரில் நம் வாசகர் பார்த்தது பிரமை இல்லை. நிஜம்.

ஆனால் இந்தக் கணக்கு மேலே போகப்போக இளைக்கும். 60-லிருந்து 144-க்குப் போனால் படத்துக்கு 9.7 மில்லி செகண்ட் மிச்சம். 144-லிருந்து 240-க்குப் போனால் 2.8. 240-லிருந்து 360-க்கு 1.4. விலை மட்டும் எதிர்த்திசையில் ஏறும். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 144, 240, 360 என்று போட்டிருப்பதைப் பார்த்தால் படிக்கட்டு ஒரே அளவில் ஏறுவது போலத் தெரியும். கண்ணுக்கு அது வரவரச் சப்பையாகிக்கொண்டு போகும் படிக்கட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எர்ன்ஸ்ட் வேபர் என்ற ஜெர்மானியர் எடைக்கற்களை ஆட்கள் கையில் கொடுத்து இதைக் கண்டுபிடித்தார். கையில் கால் கிலோ இருக்கும்போது ஐம்பது கிராம் கூட்டினால் தெரியும். பத்து கிலோ மூட்டை இருக்கும்போது அதே ஐம்பது கிராமைக் கூட்டினால் தெரியாது. காய்கறிக்காரர்களுக்கு இது வேபருக்கு முன்னாலேயே தெரியும்.

இத்தனைக்கும் சினிமாவுக்கு விநாடிக்கு 24 படம்தான். பேசும் படம் வந்த 1920-களின் கடைசியில், பாட்டும் பேச்சும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும் என்பதற்காக நிலைத்த எண் அது. கண் கூசாமல் இருக்க, ப்ரொஜெக்டருக்குள் சுற்றும் தகடு ஒவ்வொரு படத்தையும் இரண்டு தடவை மறைத்துக் காட்டும். அவ்வளவுதான் சலுகை. எம்.ஜி.ஆரின் கத்திச் சண்டை முழுவதும் 24-ல் நடந்தது. டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து பார்த்த ஒருவரும் ‘படம் இழுக்குதுப்பா’ என்று சொன்னதாகத் தெரியவில்லை. ஜட்கா வண்டியின் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றியது. அதையும் மன்னித்துவிட்டார்கள்.

சரி, 24-ஐ இரட்டிப்பாக்கினால் சினிமா இரண்டு மடங்கு நன்றாக இருக்குமா? பீட்டர் ஜாக்ஸன் 2012-ல் ‘ஹாபிட்’ முதல் பாகத்தை 48-ல் எடுத்து வெளியிட்டார். பல ரசிகர்களும் விமர்சகர்களும் சொன்ன புகார் விசித்திரமானது: டி.வி. சீரியல் மாதிரி இருக்கிறது என்றார்கள். எல்லாம் தெளிவாகத் தெரிந்ததால் செட் செட்டாகவும் மேக்கப் மேக்கப்பாகவும் தெரிந்துவிட்டது. புது டி.வி.க்களில் சினிமாவை மழமழவென்று ஆக்கிக் காட்டும் ஒரு வசதி உண்டு. தயவுசெய்து அதை அணைத்துவிட்டுப் பாருங்கள் என்று 2018-ல் டாம் க்ரூஸே வீடியோவில் வந்து கேட்டுக்கொண்டார். (உங்கள் வீட்டு டி.வி.யிலும் இருக்கலாம். மெனுவில் ‘மோஷன்’ என்று தேடுங்கள்.) ஆக, மழமழப்பு தன்னளவில் ஒரு மேன்மை கிடையாது. எங்கே, எதற்கு என்று கேட்டாக வேண்டும்.

அதற்கு நம் வாசகர் வேலை பார்க்கும் இடத்துக்கே போகலாம். கும்மிடிப்பூண்டியிலும் காக்களூரிலும், 2018-ல் சென்னை மாவட்டத்துக்குப் போவதற்கு முன்வரை திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்த அம்பத்தூரிலும், லேத் ஓட்டிய பழைய ஆட்களுக்கு ஒரு விஷயம் தெரியும். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பழைய செம்புச் சுருள் சோக் போட்ட ட்யூப்லைட், அந்தக் கரண்டில் விநாடிக்கு நூறு முறை மங்கி மங்கிப் பிரகாசிக்கும். வீட்டில் பேப்பர் படிக்கும்போது அது நமக்குத் தெரியாது. லேத்தில் ஃபோர் ஜா சக், அதாவது நாலு தாடை உள்ள பிடி, நிமிஷத்துக்கு 1500 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். விநாடிக்கு 25 சுற்று. ஒரு மினுக்குக்கும் அடுத்த மினுக்குக்கும் நடுவில் சரியாகக் கால் சுற்று. முதல் தாடை இருந்த இடத்தில் இரண்டாவது தாடை வந்து நிற்கும். அடுத்த மினுக்கில் மூன்றாவது. பார்க்கிறவனுக்கு சக் நின்றுகொண்டிருப்பது போலத் தெரியும். நிற்கிறது என்று நினைத்துக் கையை வைத்தால் விரல் போய்விடும். தாடை மூன்று என்றால் 2000 சுற்றில் இதே மாயம்.

இதற்கு வைத்தியமும் பழையது. பக்கத்துப் பக்கத்து ட்யூப்களை வேறு வேறு ஃபேஸில் இணைப்பார்கள், ஒன்று மங்கும்போது இன்னொன்று பிரகாசிக்கும்படி. அல்லது மிஷினுக்கு மேலே தனியாக ஒரு குண்டு பல்ப். அதன் இழை சூட்டில் இருப்பதால் அவ்வளவு சீக்கிரம் மங்காது. அந்த எக்ஸ்ட்ரா ஒயருக்கும் பல்புக்கும் ஆகும் செலவு வொர்த்தா என்று எந்த சூபர்வைஸரும் கேட்டதில்லை. கேட்கவும் கூடாது. மலிவான எல்.இ.டி. சிலவற்றில் இந்த மினுக்கல் இன்றும் இருக்கிறது என்பதால், உங்கள் பட்டறையில் புது லைட் மாட்டியிருந்தால் செல்போன் கேமராவை வைத்து ஒரு தடவை பாருங்கள். கோடு கோடாக ஓடினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

லேத்தில் கண் சொல்வதைக் கை உடனே செய்கிறது. கண் ஏமாந்தால் கை அனுபவிக்கிறது. சினிமாவில் கைக்கு வேலை இல்லை, அதிகபட்சம் பாப்கார்ன். அதனால் 24 போதும். கேம்ஸ் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கண் பார்த்ததற்குக் கை பதில் சொல்ல வேண்டும். ஆனால் விரல் போகாது. தோற்றால் இன்னொரு ஆட்டம்.

நடுவில் இருப்பதால்தான் குழப்பம். லேத் பல்ப் என்றால் தேவை. சினிமா டிக்கெட் என்றால் சந்தோஷம். மானிட்டர் எதில் சேர்த்தி? ‘தேவைதான்’ என்று சொல்லும் ஆசாமிகளின் முதல் வாதம், ‘அது இருந்தா நல்லா ஆடலாம் சார்.’

வாதத்தில் உண்மை உண்டு. அந்த 9.7 மில்லி செகண்டை, ஏறக்குறைய விநாடியில் நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். நூறில் ஒரு பங்கு என்ன செய்யும் என்று நம் நாட்டுக்குத் தெரியும். 1984 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்ஸில் பி.டி.உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 55.42 விநாடியில் வந்தார். ருமேனியாவின் கோஜோகாரு 55.41. ஒருவருக்கு வெண்கலம், ஒருவருக்கு நாலாவது இடம். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த ஒரு துணுக்கு விநாடி நமக்கு உறுத்திக்கொண்டிருக்கிறது.

ஆனால் உஷா விஷயத்தில் நூறில் ஒரு பங்கு ஏன் எண்ணப்பட்டது? மற்ற எல்லாவற்றையும் அவர் ஏற்கெனவே சீவித் தள்ளியிருந்தார். விடியற்காலை ஓட்டம், சாப்பாடு, தூக்கம், தடைக்கு முன் எத்தனை எட்டு என்ற கணக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் நூறில் ஒரு பங்கு கண்ணுக்கே தெரியும். நமக்கு? ஒரு சாதாரண ஆள் திரையில் எதையோ பார்த்து விரலை அழுத்தவே 200 மில்லி செகண்ட் சொச்சம் ஆகிறது. நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து ஆடினால் அதற்கு மேலும் ஆகும். எட்டு மணி நேரம் தூங்கிவிட்டு 60 ஹெர்ட்ஸில் ஆடுகிறவர், தூங்காமல் 144-ல் ஆடுகிறவரை அநேகமாக ஜெயித்துவிடுவார் என்று பந்தயம் கட்டுவேன். தூக்கம் இலவசம். அதனால் அதை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை.

எந்த கேம் என்பதும் இருக்கிறது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் கணினி விளையாட்டுகளைக் காட்சிப் போட்டியாக வைத்தார்கள். அதில் இந்தியாவுக்கு ஒரு வெண்கலம். வாங்கியவர் குஜராத்தின் பூஜ் நகரத்துக்காரர் தீர்த் மேத்தா. அவர் ஆடியது ‘ஹார்த்ஸ்டோன்’ என்ற சீட்டாட்டம். ஆளுக்கு ஒரு முறை யோசித்துச் சீட்டு இறக்க வேண்டும். அதற்கு 60 ஹெர்ட்ஸே ஊதாரித்தனம். செஸ்ஸுக்கு அதைவிடக் குறைவு. நம் குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆனது மரக்காய்களை வைத்து. உங்கள் ஆட்டம் துப்பாக்கி ஆட்டமாக இருந்து, உங்களை எப்போதும் தோற்கடிப்பது அந்தக் கடைசித் துணுக்கு விநாடிதான் என்றால், மானிட்டர் உங்களுக்குத் தொழில் சாமான். வாங்குங்கள். அப்படிப்பட்டவர்கள் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார்கள், பயிற்சியில் இருப்பார்கள்.

மிச்சம் இருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு மழமழப்பு ஒரு சந்தோஷம். அதைச் சந்தோஷம் என்றே சொல்லிவிடலாமே? சொல்ல முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

2006-ல் தமிழ்நாட்டில் இலவச கலர் டி.வி. திட்டம் வந்தது ஞாபகம் இருக்கும். 14 அங்குலப் பெட்டி, ஒரு கோடிக்கும் மேல் வீடுகளுக்குப் போனது. அப்போது நடந்த வாக்குவாதங்களை நினைத்துப் பாருங்கள். அரசு கஜானாவில் இருந்து போகிற பணம் என்பதால் கேள்வி கேட்க எல்லோருக்கும் உரிமை இருந்தது, அது வேறு. ஆனால் கேட்ட விதம்! ‘கூரை ஒழுகுது, இவங்களுக்கு கலர் டி.வி. தேவையா?’ இதைக் கேட்டவர்கள் அநேகமாக கலர் டி.வி.க்கு எதிரே உட்கார்ந்துகொண்டுதான் கேட்டார்கள். அரசாங்கமும், ஏழைக்கும் சாயங்காலத்தில் ஒரு சந்தோஷம் வேண்டும் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. பெண்களின் பொழுதுபோக்குக்கும் ‘பொது அறிவு’க்கும் என்றது. அந்தப் பொது அறிவைப் பாருங்கள். சந்தோஷத்தைத் தனியாக அனுப்பப் பயந்து, துணைக்கு ஒரு பெரியவரை அனுப்பினது போல.

‘தேவையா?’ என்ற கேள்வி எப்போதும் மேலிருந்து கீழே விழுகிறது. ஈ.சி.ஆரில் வார இறுதிக்கு மட்டும் பங்களா வைத்திருப்பவரிடம் யாரும் கேட்பதில்லை. சிப்காட்டில் ஷிப்ட் போகிற பையன் பத்தாயிரம், பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மானிட்டர் வாங்கினால் அப்பா, அத்தை, ரூம்மேட், வீட்டு ஓனர் எல்லோரும் ஆடிட்டர்கள். அதனால் அவன் சந்தோஷத்தைத் தேவை மாதிரி உடுத்தி வெளியே அனுப்பப் பழகிக்கொள்கிறான். ‘கண்ணுக்கு நல்லது’ என்கிறான். (கண் வலிக்கு வெளிச்சத்தைச் சரிசெய்வது, தள்ளி உட்காருவது, நடுவில் எழுந்து போவது எல்லாம் முதலில். அவை முடிந்த பிறகு ஹெர்ட்ஸ் பேசலாம்.) ‘பின்னாடி எடிட்டிங் கத்துக்கலாம்’ என்கிறான். ‘ஸ்ட்ரீமிங்ல சம்பாதிக்கலாம்’ என்கிறான். நாலு தடவை சொன்னதும் அவனே நம்ப ஆரம்பிக்கிறான்.

இந்த இடத்தில் வள்ளுவரைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள், ‘அவா அறுத்தல்’ என்று ஒரு அதிகாரம் இருக்கே என்று. இருக்கிறது, 37-வது. ஆனால் அவர் அதை எங்கே வைத்திருக்கிறார் என்று புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். துறவறவியலில். ‘துறவு’, ‘மெய்யுணர்தல்’ இரண்டையும் தாண்டி. வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டவனுக்குச் சொன்னதை, பி.எஃப். பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளத்தில் அம்மாவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு மிச்சத்தை எண்ணிக்கொண்டிருப்பவனிடம் எடுத்துச் சொல்வது கொஞ்சம் அநியாயம்.

தேவை வேஷம் போடுவதில் எனக்கு இருக்கும் ஆட்சேபம் பொய் என்பதால் மட்டும் இல்லை. தேவை என்று ஒப்புக்கொண்டுவிட்டால் அதற்கு முடிவு கிடையாது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் தெனி தீதரோ இதைப் பற்றிப் புலம்பியிருக்கிறார். கலைக்களஞ்சியம் தொகுத்த பெரிய ஆள். அவருக்குப் புதிதாக ஒரு சிவப்பு அங்கி வந்து சேர்ந்தது. அதைப் போட்டுக்கொண்டு அறையைப் பார்த்தால் நாற்காலி மட்டமாகத் தெரிந்தது. நாற்காலியை மாற்றினார். மேஜை மட்டமாகத் தெரிந்தது. சுவரில் தொங்கிய படங்கள், திரைச்சீலை என்று ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் பழைய அங்கியை நினைத்து ஒரு கட்டுரையே எழுதினார். பழையதற்கு நான் எஜமானனாக இருந்தேன், புதியதற்கு அடிமையாகிவிட்டேன் என்பது சாரம்.

மானிட்டர் கதையும் அட்சரம் பிசகாமல் இதுதான். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் விநாடிக்கு 144 படம் காட்டத் தயாராக இருக்கும். ஆனால் படத்தை வரைந்து கொடுக்க வேண்டியது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு. அது மூச்சு வாங்கி விநாடிக்கு 55 படம்தான் கொடுக்கும் என்றால், மானிட்டர் 55-ஐத்தான் காட்டும். சமையல்காரர் ஒருவர், இலை போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் 144 பேர். அப்புறம் கார்டு மாற்ற வேண்டும். கார்டின் விலை மானிட்டரைத் தூக்கிச் சாப்பிடும். கார்டுக்குக் கரண்ட் போதாது என்று பவர் சப்ளை. பிறகு கேபினெட்டில் காற்று போதாது. பத்தாயிரத்தில் ஆரம்பித்தது ஐம்பதாயிரத்தில் நிற்கும்போது ஒவ்வொரு படியிலும் அவன் வாயில் ‘தேவை’ என்ற வார்த்தைதான் இருந்திருக்கும். சந்தோஷம் என்று ஆரம்பித்திருந்தால், ‘இந்த மாசத்துக்கு இவ்வளவு சந்தோஷம் போதும்’ என்று ஓர் இடத்தில் சொல்லியிருக்கலாம். தேவையிடம் அப்படிச் சொல்ல முடியாது.

இன்னொரு கணக்கும் உண்டு. புதியது தரும் சந்தோஷத்தை எழுதும்போது, பழையதிலிருந்து அது எடுத்துக்கொள்ளும் சந்தோஷத்தைக் கழிக்க வேண்டும். நம் வாசகர் இன்னும் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கவில்லை. அதற்குள் கொஞ்சம் இழந்துவிட்டார். காக்களூருக்குப் போவதற்கு முதல் நாள்வரை அவர் மானிட்டர் இழுக்கவில்லை. 1982-ல் தூர்தர்ஷன் கலருக்கு மாறியபோது இதுதான் நடந்தது. அதுவரை கறுப்பு வெள்ளையில் ‘ஒளியும் ஒலியும்’ பார்த்து நிம்மதியாக இருந்தவர்கள், எதிர்வீட்டில் கலர் வந்ததும் நிம்மதி இழந்தார்கள். மேலே நீலம், கீழே பச்சை என்று சாயம் ஏற்றிய பிளாஸ்டிக் தாள் ஒன்று கடையில் விற்றது. அதை வாங்கித் திரைமேல் மாட்டினார்கள். செய்தி வாசிப்பவரின் தலை நீலமாகவும் கழுத்து பச்சையாகவும் இருந்தது. அதற்கும் அக்கம்பக்கத்துக் குழந்தைகள் வந்து உட்கார்ந்து பார்த்தன.

நிம்மதி போன பிறகு என்ன செய்வது என்பதில் மன இயல் சொல்லும் ஒரு செய்தி உதவும். பிரிக்மன், கேம்ப்பெல் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1971-ல் சொன்னது: மனிதன் நல்லதற்கும் பழகிவிடுகிறான், கெட்டதற்கும் பழகிவிடுகிறான், சந்தோஷம் சுற்றிச் சுற்றிப் பழைய இடத்துக்கே வருகிறது. புது மானிட்டரின் பரவசம் இரண்டு மூன்று மாதத்தில் சகஜமாகிவிடும் என்று இதை வைத்துப் பயமுறுத்துவார்கள். இதன் மறுபக்கத்தை யாரும் சொல்வதில்லை. நண்பன் ரூமுக்குப் போகாமல் இருந்தால் உங்கள் 60 ஹெர்ட்ஸும் கொஞ்ச நாளில் மறுபடி சகஜமாகிவிடும். இப்போது இழுப்பது திரையைவிட ஞாபகம்தான்.

இப்போது ஒரு வேடிக்கை மனிதர். கற்பனைதான், ஆனால் இது நிஜத்தில் நிறையவே நடக்கிறது. புது 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்குகிறார். கேபிளைச் செருகுகிறார். ஆடுகிறார். ‘ஆஹா, வெண்ணெய் மாதிரி இருக்கு’ என்கிறார். ஆறு மாதம் கழித்து ஒரு பொடியன் வந்து விண்டோஸ் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தால், அது 60 ஹெர்ட்ஸிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. யாரும் மாற்றவில்லை.

அந்த ஆறு மாத சந்தோஷம் பொய்யா? ‘அவர் சந்தோஷமா இருந்தாரு, அப்புறம் என்ன?’ என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம். அவர் யாரையும் ஏமாற்றவில்லை. கடைக்காரரும் ஏமாற்றவில்லை. பொடியன் மட்டும் வராமல் இருந்திருந்தால் அவர் கடைசிவரை திருப்தியாக இருந்திருப்பார். ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. அவர் அனுபவித்தது மழமழப்பை இல்லை. ‘என்னிடம் 144 இருக்கிறது’ என்பதை. அதுவும் ஒரு சந்தோஷம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதன் ஆயுள் வேறு. பக்கத்து ரூமில் 240 வருகிற அன்று அது செத்துவிடும். கண்ணுக்குக் கிடைத்த சந்தோஷத்துக்குப் பக்கத்து ரூம் தெரியாது.

ஆகவே வாசகருக்கு ஒரு பரிசோதனை. செலவு கிடையாது. காக்களூர் நண்பனிடம் சொல்லி, நீங்கள் திரும்பி நிற்கும்போது மானிட்டரை 60-லோ 144-லோ மாற்றி வைக்கச் சொல்லுங்கள். எது என்று சொல்லக் கூடாது. நீங்கள் ஒரு நிமிஷம் ஆடிவிட்டுச் சொல்ல வேண்டும். பத்து தடவை. குருட்டாம்போக்கில் சொன்னாலே ஐந்து சரியாக வரும். ஒன்பது வந்தால் உங்கள் கண்ணுக்கு அந்த வித்தியாசம் சொந்தம். 60-க்கும் 144-க்கும் அநேகம் பேர் தேறிவிடுவார்கள். அதே சோதனையை 144-க்கும் 240-க்கும் வைத்துப் பாருங்கள், பல வீராதி வீரர்கள் ஆறில் நிற்பார்கள் என்று நினைக்கிறேன்.

தேறிவிட்டீர்கள் என்றால், உங்கள் கார்டு உங்கள் ஆட்டத்தில் விநாடிக்கு நூறு படமாவது கொடுக்கிறதா என்று பாருங்கள். கொடுக்கவில்லை என்றால் மானிட்டரை மறந்துவிடுங்கள், பெறாது. ஆட்டத்துக்குள்ளேயே நிழல், புல், புகை போன்ற அலங்காரங்களைக் குறைத்தால் எண்ணிக்கை ஏறும். அதையும் முயற்சி செய்துவிட்டுச் சொல்லுங்கள். கொடுக்கிறது, கையில் காசு இருக்கிறது, ஈ.எம்.ஐ. போட வேண்டியதில்லை, வீட்டுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாகிவிட்டது என்றால், வாங்குங்கள். 144 அல்லது 165-ல் நில்லுங்கள். கார்டு மாற்றுகிற பேச்சு அடுத்த இரண்டு வருஷத்துக்கு வேண்டாம்.

அப்பா கேட்டதற்கும் பதில் வேண்டும். ‘ஓடுற மானிட்டரை எதுக்குடா மாத்தணும்?’ நல்ல கேள்வி. ‘மாத்தவேண்டியதில்லைப்பா, எனக்கு ஆசையா இருக்கு’ என்று சொல்லிப் பாருங்கள். எடிட்டிங், கண், ஸ்ட்ரீமிங் ஒன்றும் வேண்டாம். கொஞ்சம் திட்டுவார். ஆனால் எதிர்வீட்டில் கலர் வந்த காலத்தைப் பார்த்தவராக இருந்தால், அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடவும் வாய்ப்பு உண்டு. பழைய மானிட்டரை விற்காதீர்கள், பெரிதாக ஒன்றும் வராது. டிப்ளமோ படிக்கிற பையன் யாராவது உங்கள் தெருவில் இருப்பான். ஆட்டோகேட் கற்றுக்கொள்ள 60 ஹெர்ட்ஸ் தாராளம்.

வாங்கப் போவது ரிச்சி தெரு என்றால், கடையிலேயே பிளக்கில் போட்டு வெள்ளைத் திரை வைத்து, செத்த புள்ளி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் கொடுத்த கேபிளையே பயன்படுத்துங்கள். பழைய கேபிள் சிலது 144-ஐத் தாங்காது. வீட்டுக்கு வந்ததும் செட்டிங்ஸில் போய் எண்ணை மாற்றுங்கள். சாயங்காலம் ஆறு மணி கும்மிடிப்பூண்டி லோக்கலில் மட்டும் 24 அங்குலப் பெட்டியோடு ஏறிவிடாதீர்கள். மீஞ்சூர் தாண்டும்வரை உங்களுக்கே நிற்க இடம் இருக்காது. வாரநாளில் லீவு கிடைத்தால் மத்தியானம் வண்டி காலியாக வரும், பெட்டியை ஜன்னலோரம் உட்கார வைத்துக் கொண்டுபோகலாம்.